ஒப்படைக்காத பாலம்

மாட்டுக்காரத் தெருவுக்கு அனுப்பிய பஸ் காலியாகவே திரும்பி வந்தது. விடிந்ததும் ஒரு தடவை, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. இரண்டாம் தடவை டிரைவர் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கே போன் போட்டுவிட்டார். ஏறுவதற்கு ஒரு ஆள் இல்லையாம். பெரியவர் ஒருத்தர் மட்டும் வந்து, படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்து, "இதுல எருமை எப்படி ஏறும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாராம்.

போனை எடுத்தவளுக்கு அந்தப் பெரியவர் யாரென்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய மாமனார்தான்.

அந்தத் தெருவில் அவளுக்குப் போன்காரி என்று பெயர். வெள்ளக் காலத்தில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிற தற்காலிக வேலை. மற்ற மாதங்களில் அதே கட்டடத்தில், குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்கிற புகார்களை வாங்கிப் போட்டுக்கொள்வாள். மாமனாருக்குத் தெரு வைத்த பெயர் கறார். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கமாட்டார், சொன்ன விலையில் இறங்கமாட்டார், பிடித்த பிடியை விடமாட்டார். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகளிடம் நேராக நாலு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் கிடையாது, பழக்கம் அப்படி. தவிடு தீர்ந்துபோனால் கன்றுக்குட்டியைப் பார்த்து, "தவிடு தீர்ந்துபோச்சு" என்பார். அவள் புருஷனிடம் சொல்லி வாங்கிவரச் செய்வாள். வீடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறை மாடியில் இருந்தது. நீள மேஜை ஒன்று, துறைக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு முன்னால் துறையின் பெயர் எழுதிய பலகை. எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டால் கோப்பு அலைய வேண்டாம் என்பது ஏற்பாடு. சாலைத்துறைக்காரருக்கும் மாட்டு டாக்டருக்கும் நடுவில் ஒரு டீ பிளாஸ்க் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் இவர் ஒன்று கேட்டால் அவர் தன் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்துத்தான் பதில் சொன்னார். சுவரில் ஆற்றின் படம் மாட்டியிருந்தது. அதன் கீழே கணிப்புப் பொறியாளர் கணினியை முறைத்துக்கொண்டிருந்தார். மலையில் எவ்வளவு மழை, அணைக்கு எவ்வளவு வரும், அணையிலிருந்து திறந்துவிட்டால் எந்தத் தெருவுக்கு எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. முகத்தில் சவரக்கத்தி பட்டு நாளாகியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். அதுதான் பெரிய இடைஞ்சல். மழை கொட்டுவதெல்லாம் மலையில். துணி காயப்போடலாம் போலிருக்கிற வானத்தின் கீழே நின்றுகொண்டு, சாயங்காலம் வெள்ளம் வருகிறது, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்றால் யார் காதில் ஏறும்?

மாட்டுக்காரத் தெருவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. போன வருஷம் இதே மாதிரி எச்சரிக்கை வந்தபோது மாடுகளைக் கட்டுத்தறியிலேயே விட்டுவிட்டு எல்லாரும் முகாமுக்குப் போனார்கள். தண்ணீர் வரவில்லை. ஆனால் ஆபத்து நீங்கியது என்று மேலிடத்தில் சொல்லும்வரை தெருவுக்குள் போகக்கூடாதென்று போலீஸ் கயிறு கட்டிவிட்டது. கறக்க ஆளில்லாமல் மாடுகளுக்கு மடி கட்டிக் கல்லாகிப்போனது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அதுகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கறாருடைய நல்ல கறவைகள் மடிநோய் கண்டு வற்றிப்போயின. வெள்ளம் செய்யாததைக் கவர்மெண்ட் செய்தது என்று இன்றைக்கும் சொல்வார்.

பஸ் டிரைவர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அவசர எண்ணில் இன்னோர் அழைப்பு வந்தது.

"கவர்மெண்ட்டா?" என்றது குரல்.

"மாமா, நான்தான் பேசறேன்."

"நீ இருக்கட்டும். எனக்குக் கவர்மெண்ட்டுகிட்ட பேசணும்."

"இந்த நம்பருக்கு யார் போட்டாலும் நான்தான் எடுப்பேன் மாமா."

அவருக்குப் பின்னால் ஒரு கன்று கத்தியது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தவர், மருமகளை வாங்க போங்க என்று மரியாதை கொடுத்தே பேசினார்.

"சரி, அப்ப கவர்மெண்ட்டாவே பதில் சொல்லுங்க. எங்க தெருவுல நூத்துச் சொச்சம் உருப்படி இருக்கு. மனுஷனுக்குப் பள்ளிக்கூடத்துல இடம்னு மைக்ல கத்திட்டுப் போறாங்க. மாட்டுக்கு எங்க?"

"கேட்டுச் சொல்றேன்."

"கேட்டுச் சொல்லுங்க. மாடு கிளம்பினா நாங்க கிளம்புறோம். மாடு இங்கன்னா நாங்களும் இங்கதான். இது நான் ஒருத்தன் பேசற பேச்சில்ல, தெருவே பக்கத்துல நிக்குது."

மாட்டு டாக்டரிடம் கேட்டாள். நல்ல மனுஷர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கால்நடைகளுக்கு அக்கரைச் சந்தைத் திடல் என்று போட்டிருந்தது. அக்கரைக்குப் போகிற ஆற்றுப்பாலத்தைக் காலையிலேயே போலீஸ் மூடியாயிற்றே என்றாள். ஆமாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

அவளுக்குத்தான் மேம்பாலம் ஞாபகத்துக்கு வந்தது. மாட்டுக்காரத் தெரு முடிகிற இடத்தில் சாக்கடைக் கால்வாயை ஒட்டி ரோடு பள்ளமாக இறங்கும். பள்ளத்தைத் தாண்டினால் புது மேம்பாலம் ஏறுகிறது. வேலையெல்லாம் முடிந்து வெள்ளைக் கோடுகூடப் போட்டாயிற்று. திறப்பு விழாவுக்கு நாள் கிடைக்காமல், இரும்புத் தடுப்பும் ஒரு காவலாளியுமாகச் சும்மா கிடந்தது. தினமும் அவள் பஸ் அதன் அடியில்தான் நெரிசலில் நின்று நின்று வரும்.

சாலைத்துறைக்காரரிடம் கேட்டாள். எதையும் எழுத்துப் பிசகாமல் சொல்கிறவர் அவர்.

"அந்தப் பாலம் இன்னும் ஒப்படைக்கலைங்க."

"யார் யாருக்கு ஒப்படைக்கணும்?"

"கட்டினவங்க எங்களுக்கு. ஒப்படைக்கிற வரைக்கும் அது எங்க பாலம் இல்லை. எங்களுது இல்லாததைத் திறந்துவிட நான் சொல்ல முடியாது. அதிகாரி உத்தரவு போட்டா அது வேற."

போலீஸ்காரரும் அதையேதான் சொன்னார். உத்தரவு காட்டினால் தடுப்பை எடுக்கிறோம்.

பொறுப்பு அதிகாரி உள்ளறையில் இருந்தார். வயதில் சின்னவர், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அணையில் எந்த அளவுக்குத் திறப்பது என்று மேலிடத்தோடு திரையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கக்கூடாதென்று கட்டளை. போன்காரி ஒரு துண்டுத் தாளில் எழுதி உதவியாளர் கையில் கொடுத்தனுப்பினாள். மேஜையில் வைத்துவிட்டேன், பார்த்தார்களா தெரியவில்லை என்று அவர் திரும்பி வந்தார். இன்னொரு தாள் அனுப்பினாள். அதுவும் முதல் தாள் மேல் போய் உட்கார்ந்தது.

இடையில் புருஷன் அவளுடைய சொந்தப் போனில் கூப்பிட்டான். பால் ஊற்றிவிட்டு வண்டியோடு தெருவுக்குத் திரும்பிவிட்டானாம். அம்மாவை மட்டும் காலையிலேயே அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று, அப்பாதான் அசைவேனா என்கிறார் என்றான். நீங்களாவது கிளம்பக்கூடாதா என்று கேட்டாள். அவரை விட்டுவிட்டா என்றான்.

கணிப்புப் பொறியாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது அப்போதுதான். மலையில் மழை இன்னும் வலுத்துவிட்டது, அணையில் நினைத்ததைவிட அதிகம் திறக்கப்போகிறார்கள் என்றார்.

"சாயங்காலம்னு சொன்னதை மறந்துடுங்க. மத்தியானம் சாயறதுக்குள்ள தண்ணி வந்துடும்."

"மாட்டுக்காரத் தெரு?"

அவர் படத்தில் விரல் வைத்தார். "தெருவுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இந்தப் பள்ளம் நிறைஞ்சுடும். ஆத்துல மட்டம் ஏறினா கால்வாய்த் தண்ணி எதுத்துக்கிட்டுத் திரும்பி வரும். பள்ளம் நிறைஞ்சுட்டா அப்புறம் அங்கேயிருந்து யாரும் வெளியே வர முடியாது."

சொல்லிவிட்டு உள்ளறைக் கதவைத் தட்டிக்கொண்டு போனார். கதவு அவருக்குத் திறந்து, பின்னாலேயே மூடிக்கொண்டது. அவசர எண் மறுபடி அடித்தது.

"கேட்டுச் சொல்றேன்னீங்க" என்றார் கறார்.

அவள் மூடிய கதவைப் பார்த்தாள். படத்தில் அந்த விரல் வைத்த இடத்தைப் பார்த்தாள். வாய் தானாகப் பேசியது மாதிரிதான் இருந்தது.

"மேம்பாலத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க. உத்தரவு வந்தாச்சு. உடனே கிளம்பணும், பள்ளத்துல தண்ணி ஏறப்போகுது."

"இது என் மருமக சொல்றதா, கவர்மெண்ட் சொல்றதா?"

"கவர்மெண்ட் சொல்றது."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

பக்கத்தில் சாலைத்துறைக்காரர் டீக் கோப்பையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உத்தரவு வந்துடுச்சாம்மா?"

"வரும் சார்."

"வரும்ங்கிறது வேற, வந்துச்சுங்கிறது வேற" என்றார். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. இரண்டும் வேறு என்பதால் சொன்னார்.

கறார் அசைந்தால் தெரு அசையும். கட்டுத்தறியில் கயிறுகளை அறுத்துவிட்டு, கன்றுகளை வண்டியில் தூக்கிப் போட்டு, தாய்களை அதன் பின்னால் ஓட்டினார்கள். தவிட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். முரட்டு மாடுகளுக்கு நடுவில் சாதுவானவற்றை விட்டு இழுத்தார்கள். இதெல்லாம் புருஷன் போனில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவன் குரலில் ஏதோ கல்யாண ஊர்வலம் கிளம்பிய சந்தோஷம் இருந்தது. அடுத்த தடவை கூப்பிட்டபோது அது இல்லை.

தடுப்பில் பூட்டு. சாவி இன்ஜினியரிடம், இன்ஜினியர் எங்கேயோ. காவலாளி கையை விரிக்கிறார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் எனக்கு ஒரு தகவலும் வரவில்லை என்கிறார். மாடுகள் பள்ளத்தில் நிற்கின்றன, முன்னாலும் போக முடியாது பின்னாலும் திரும்ப முடியாது.

"கால்வாய்த் தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சும்மா. குளம்பு நனையுது" என்றான்.

அதோடு முடியவில்லை. மேஜையின் மறுகோடியில் போலீஸ் வயர்லெஸ் கரகரத்தது. ஆற்றோரப் பிரசவ ஆஸ்பத்திரியைக் காலி செய்து தாய்மார்களை ஏற்றி வந்த வண்டிகள் அதே பள்ளத்தில் மாடுகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. யார் இந்த மாடுகளை ரோட்டில் இறக்கச் சொன்னது? இங்கே ஒரு பெரியவர் கவர்மெண்ட் சொன்னது என்று அடித்துப் பேசுகிறார், எந்தக் கவர்மெண்ட்?

போன்காரி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

திரையில் பெரிய பெரிய முகங்கள். அதிகாரி திரும்பிப் பார்த்தார். அவர் முன்னால் அவள் எழுதிய இரண்டு தாளும் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

"மேடம், நீங்க குடுக்காத உத்தரவைக் குடுத்ததா நான் போன்ல சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து, மாடு, பூட்டு, பள்ளம், தாய்மார் வண்டி என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அதிகாரி திரையைப் பார்த்து, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நேராகச் சாலைத்துறைக்காரர் முன்னால் போய் நின்றார்.

"அந்தப் பாலம் தாங்குமா?"

"இன்னும் ஒப்படைக்கலை மேடம்."

"அதைக் கேக்கலை. தாங்குமா, தாங்காதா?"

அவர் எழுந்து நின்றார். "தாங்கும் மேடம். மேல லாரிங்களை நிறுத்திச் சுமை சோதனை பண்ணினப்ப நான் அடியிலதான் நின்னேன்."

அதிகாரி வயர்லெஸ்ஸைக் கையில் வாங்கினார். பூட்டை உடையுங்கள், மாட்டை ஒரு பக்கம் ஏற்றுங்கள், மறுபக்கம் ஆஸ்பத்திரி வண்டிகள் போகட்டும், நான் சொல்கிறேன் என்றார். கை எழுதுவதற்குள் வாய் சொல்லிவிட்டது. பிறகு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தப் பக்கம் யாரோ இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்டது. வண்டிகள் ஏறிவிட்டன என்று தகவல் வரும்வரை யாரும் உட்காரவில்லை.

அப்புறம் அதிகாரி போன்காரியைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"உங்க வீட்டு ஆளுங்க அங்க இருக்காங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லதுதான் நடந்திருக்கு. நான் இல்லேங்கலை. ஆனா இந்த நம்பர்ல பேசற குரல் ஒண்ணை இருக்குன்னு சொன்னா, அது இருக்கணும். இன்னிக்கு நீங்க இல்லாத உத்தரவை இருக்குன்னு சொன்னீங்க. நாளைக்கு ஒருத்தர் இல்லாத படகை இருக்குன்னு சொல்லுவார், கூரை மேல நிக்கிறவன் அதை நம்பி நின்னுக்கிட்டு இருப்பான்."

தாளைப் பிரித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இத்தனை தாளுக்கு நடுவில் இந்தச் சின்னப் பெண்ணும்தான் எந்தத் தாளைப் பிரிப்பாள்.

"போனை வேற ஆள் கிட்ட குடுத்துட்டுக் கிளம்புங்க. மத்ததை வெள்ளம் வடிஞ்ச பிறகு பேசிக்கலாம்."

அவள் நாற்காலியில் சாலைத்துறைக்காரர் வந்து உட்கார்ந்தார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவருக்குக் காட்டிவிட்டு இறங்கினாள். முகாமுக்கு ரொட்டி ஏற்றிக்கொண்டு போன லாரியில் இடம் கேட்டு ஏறி, மேம்பாலத்தின் மேட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டாள்.

இன்னும் திறப்பு விழா காணாத பாலத்தில் சாணி நாறியது. கைப்பிடிச் சுவர் நெடுக மாடுகள் நின்றன. எருமைகள் புதுத் தாரின் சூடு பொறுக்காமல் சுவர் நிழலில் படுத்திருந்தன. தெருவே அங்கே இருந்தது. தண்ணீர் புகுந்து இன்ஜின் நின்றுபோன ஆஸ்பத்திரி வண்டி ஒன்றும் ஓரமாக நின்றது. பாலத்தின் அடிவாரத்தில், உடைந்த பூட்டுத் தொங்கிய தடுப்புக்குப் பக்கத்தில் கறார் தனியாக நின்றார். அவர் எதிரில் பள்ளம் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர், அதில் ஒரு கட்டில், முறுக்கிக்கொண்டு போகிற தென்னை ஓலை, தகரம். அதற்கு அப்பால் தெருவின் கூரைகள்.

"அவர் எங்க, மாமா?"

கன்றுக்குட்டியைத் தேடவில்லை அவர். அவளைப் பார்த்தே சொன்னார். "சினை எருமை ஒண்ணு பாதியில உக்காந்துடுச்சு. எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன்னு நான்தான் திரும்பினேன். என்னைப் பிடிச்சு வண்டியில தூக்கிப் போட்டுட்டு அவன் போயிட்டான்."

கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் போன் அணைந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் கறுப்பாக ஒன்று அசைந்து வந்தது. எருமைதான். மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நீந்தி வந்து, கால் எட்டியதும் எழுந்து, நீரை உதறிக்கொண்டு ஏறியது. கழுத்துக் கயிறு பின்னால் நீளமாக இழுபட்டு வந்தது. கயிற்றின் மறுமுனையில் யாரும் இல்லை.

கறார் அந்தக் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். சுற்றி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அவள் அவசர எண்ணை அழுத்தினாள். அவள் வாழ்நாளில் அந்த எண்ணுக்கு வெளியேயிருந்து போட்டதே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை நேரமா அடிக்கும் என்று நினைத்தாள்.

"வெள்ளக் கட்டுப்பாட்டு அறை" என்றது சாலைத்துறைக்காரர் குரல்.

சொன்னாள். மாட்டுக்காரத் தெரு, ஒரே ஆள், எருமையை ஓட்டப் போனவர், பால் கொள்முதல் கட்டடம்தான் தெருவிலேயே உயரம், இருந்தால் அதன் மேல் இருப்பார். யார் பேசுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"படகு கிளம்பிடுச்சா சார்?"

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

கிளம்பிவிட்டது என்று சொல்லிவிடமாட்டாரா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. பொய்யாகவாவது சொல்லட்டும். அந்தப் பக்கம் வயர்லெஸ்ஸின் கரகரப்பு, யாரோ யாரிடமோ பேசுவது, ஒரு நாற்காலி இழுபடுவது எல்லாம் கேட்டது.

"இன்னும் கிளம்பலைங்க. ஆஸ்பத்திரிப் பின்பக்கம் ரெண்டு பேரை இறக்கிக்கிட்டு இருக்காங்க. அது முடிஞ்சதும் அடுத்தது உங்களுதுதான். கிளம்பினதும் நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் கிளம்பலைன்னு வெச்சுக்கங்க."

"சரி சார்" என்றாள். எதில் கால் ஊன்றி நிற்கிறோம் என்றாவது தெரிந்தது. மாமனாரிடம், இன்னும் கிளம்பவில்லையாம் மாமா, கிளம்பினால் சொல்வார்கள் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

போன் கையிலேயே இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் தடுப்பின் கால்களைத் தொட்டு, அங்கேயே நிற்பதா ஏறுவதா என்று யோசிப்பது போல் ததும்பியது. மணி அடித்ததும் எடுத்தாள்.

"கிளம்பிடுச்சு" என்றார் சாலைத்துறைக்காரர். "நான் வயர்லெஸ்ல இன்ஜின் சத்தம் கேட்டேன்."

அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கொள்முதல் கட்டடத்துக் கூரையில்தான் இருந்தான். கழுத்தளவு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து ஏறியிருக்கிறான். படகு வந்து பாலத்தின் அடிவாரத்தில் முட்டியபோது உதடு வெளுத்து, பேச்சு வராமல் பல் கிட்டிக்கொண்டிருந்தது. கறார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவனைத் தோளைப் பிடித்து இழுத்தார். தன் துண்டால் அவன் தலையைத் துவட்டினார், தேவைக்கும் அதிகமாக, தலை ஆடிப்போகிற அளவுக்குத் துவட்டினார்.

"எருமை?" என்றான் அவன்.

"வந்துடுச்சுடா. உன்னைவிட அதுக்குப் புத்தி ஜாஸ்தி."

அப்புறம் கறக்கிற நேரம். பாலத்தில் மாடுகள் கத்த ஆரம்பித்துவிட்டன. கேன்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். வாளி, தவிட்டுச் சட்டி, போலீஸ்காரர் கொடுத்த ஹெல்மெட், ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து வந்த எனாமல் தட்டு என்று கிடைத்ததிலெல்லாம் கறந்தார்கள். அந்த வண்டியில் இருந்த தாய்மார்களுக்கு முதலில் போனது. கறார் ஒரு வாளியைக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தார். "நீ அந்தச் செவலையைப் பாரு. புதுக் கைன்னா உதைக்கும், உனக்கு நிக்கும்" என்றார்.

வேலை இருக்குமா போகுமா என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் என்ன மிஞ்சும் என்பதும் தெரியாது. செவலையின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். மடி கனத்திருந்தது, ஆனால் கல்லாகவில்லை. முதல் பீச்சு வாளியில் விழுந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"மாட்டுக்காரத் தெரு, கொள்முதல் கட்டடம். ஆள் வந்து சேர்ந்துட்டாரா?" என்றார் சாலைத்துறைக்காரர்.

"சேர்ந்துட்டார் சார்."

"யாராவது சொன்னாங்களா, நீங்களே பார்த்தீங்களா?"

அவள் மாட்டின் வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஹெல்மெட்டிலிருந்து பால் குடித்துக்கொண்டிருந்தான். மீசையெல்லாம் நுரை.

"நானே பார்க்கறேன் சார்."

"சரி, அப்ப எழுதிக்கறேன்" என்று அவர் போனை வைத்தார்.